அவசரப்படாத ஆட்டக்காரர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. 

உன் அம்மா போனில் இரண்டு விஷயம் சொன்னாள். முதலாவது, பி.காம். முதல் வருடத்தோடு கல்லூரிக்கு முழுக்குப் போட்டுவிட்டு முழுநேரமும் கூடைப்பந்து ஆடப் போகிறாய். இரண்டாவது, கோச் உன்னை ரிங்குக்கு அடியிலேயே நிறுத்தி, போர்டு ஷாட், ரீபவுண்ட் என்று ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார். அது உனக்குப் பிடிக்கவில்லை. இந்த இரண்டு வழக்கிலும் சாட்சி சொல்லத் தகுதியான ஆள் ஒருவர் இருக்கிறார். பெயர் டிம் டங்கன். நீ கைக்குழந்தையாக இருந்தபோதே அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் பட்டத்தை நான்கு முறை வென்றுவிட்டவர். உன் போனில் ஓடும் ரீல்ஸில் அவர் அதிகம் தென்படமாட்டார். பறந்து பறந்து டங்க் அடிப்பதும், எதிராளியைப் பார்த்து மார்தட்டுவதும் அவர் வழக்கமில்லை.

கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் வர்ஜின் தீவுகளில் ஒன்று செயின்ட் குராய். அங்கே 1976 ஏப்ரல் 25 அன்று பிறந்தவர் டங்கன். அப்பா கொத்தனார், அம்மா மருத்துவச்சி. சிறுவயதில் அவர் கையில் கூடைப்பந்து கிடையாது. வீட்டில் எல்லாப் பேச்சும் நீச்சல்தான். அக்கா டிரிசியா 1988 சியோல் ஒலிம்பிக்கில் வர்ஜின் தீவுகளுக்காக நீந்தினார். தம்பிக்கும் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 1992 ஒலிம்பிக் கனவு இருந்தது.

1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்தது. தீவில் ஒலிம்பிக் அளவில் இருந்த ஒரே நீச்சல் குளம் நாசமானது. கடலில் பயிற்சி செய்துகொள்ளலாம் என்றார்கள். பையனுக்குச் சுறா என்றால் பயம். நீச்சலில் இருந்த பிடிப்பு தளர்ந்தது. அதே காலத்தில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 1990 ஏப்ரல் 24 அன்று அவர் இறந்தார். மறுநாள் மகனுக்குப் பதினான்காவது பிறந்தநாள். அதன் பிறகு டங்கன் போட்டிக்காகக் குளத்தில் இறங்கவே இல்லை.

இறப்பதற்கு முன் அந்த அம்மா பிள்ளைகளிடம் வாங்கிய சத்தியம் ஒன்றுண்டு: கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள், மேலே உள்ளதெல்லாம் இதற்கான முன்கதைதான்.

கூடைப்பந்தைச் சொல்லிக்கொடுத்தவர் மூத்த அக்காவின் கணவர். ஒஹையோவில் கல்லூரி அணிக்கு ஆடியவர். மைத்துனன் எவ்வளவு உயரம் வளருவான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அதனால் குட்டையான ஆட்டக்காரனுக்குக் கற்றுத்தருவதுபோல டிரிப்ளிங், பாஸ், கால் நகர்த்தல் எல்லாவற்றையும் கற்றுத்தந்தார். பையனோ வளர்ந்துகொண்டே போய் ஏறக்குறைய ஏழு அடியைத் தொட்டான். உயரமானவனின் உடம்பும் குட்டையானவனின் கைத்திறனும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அப்படித்தான். பின்னாளில் டங்கன் அணிந்த 21ஆம் எண்ணும் அந்த மச்சான் கல்லூரியில் அணிந்ததுதான்.

பதினான்கு வயதில் தொடங்கியவர் என்பதால் பெரிய கல்லூரிகள் எட்டிப் பார்க்கவில்லை. வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஒருவர் தீவுக்குப் போனபோது, அங்கே நடந்த ஒரு சும்மா ஆட்டத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் என்.பி.ஏ. நட்சத்திரமான அலோன்சோ மோர்னிங்குக்கு ஈடுகொடுப்பதைப் பார்த்துவிட்டு, தன் பழைய கோச் டேவ் ஓடொமிடம் சொன்னார். ஓடொம் நேரில் கிளம்பிப் போனார். அவர் பேசப் பேச டங்கன் டி.வி.யில் ஓடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் காதில் எதுவும் விழவில்லை என்று கோச் நினைத்தார். கேட்டுப் பார்த்தால், சொன்னது அத்தனையும் பையன் மனதில் பதிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து உள்ளே ஓடுவதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைப் பின்னர் உலகமே தெரிந்துகொண்டது.

1993இல் கல்லூரிக்காக ஆடிய முதல் ஆட்டம் அலாஸ்காவில் நடந்தது. டங்கன் எடுத்த புள்ளிகள் பூஜ்யம். அவர் அணி, தன்னைவிடக் கீழ்ப்பிரிவில் இருந்த உள்ளூர் அணியிடம் தோற்றுப்போனது.

இரண்டே வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1995 முதலே, வந்தால் எடுத்துக்கொள்ள என்.பி.ஏ. காத்திருந்தது. கோடிக்கணக்கான டாலர் கண்முன்னே இருந்தது. முழங்காலோ கணுக்காலோ ஒருமுறை பிசகினால் அவ்வளவும் போய்விடும் என்று எச்சரிக்காதவர் இல்லை. 1996இல் என்.பி.ஏ. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாக எடுக்கப்பட்ட ஆலன் ஐவர்சன் இரண்டு வருடப் படிப்போடு கிளம்பியவர். டங்கன் கிளம்பவில்லை. நான்கு வருடமும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கினார். கடைசி வருடத்தில் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதும் அவருக்கே வந்தது.

உளவியல் என்றால் பெயருக்கு உட்கார்ந்து எழுந்த படிப்பு என்று நினைக்காதே. 1997இல் வெளிவந்த ஒரு சமூக உளவியல் நூலில், பேராசிரியர் மார்க் லியரியோடு சேர்ந்து ஓர் அத்தியாயம் எழுதியவர்களில் டங்கனும் ஒருவர். தற்பெருமை அளவு மீறிப் போகிறவர்களிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். பின்னால் பத்தொன்பது வருடம் தன்னைப் பற்றிப் பெரிதாக ஒரு வார்த்தையும் பேசாத மனிதர், அந்தப் பாடத்தை முறையாகப் படித்தே வந்திருக்கிறார்.

இந்த இடத்தில் நீ மடக்குவாய் என்று தெரியும். கோபி பிரையன்ட்டும் கெவின் கார்னெட்டும் கல்லூரி வாசலையே மிதிக்கவில்லையே என்பாய். உண்மைதான். பள்ளி முடித்த கையோடு 1995இல் கார்னெட்டும் 1996இல் கோபியும் என்.பி.ஏ.வுக்குள் போனார்கள். இந்த இருவரும் டங்கனும் ஒரே பட்டியலில், 2020ஆம் ஆண்டுக்கான பட்டியலில், கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே படிக்காதவன் உருப்படமாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் அவர்கள் இருவரும் கல்லூரியை வேண்டாம் என்றபோது, எடுத்துக்கொள்ள அணிகள் காத்திருந்தன. ஒப்பந்தமும் சம்பளமும் இருந்தன. நீ விடப்போகும் இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகிறாய்? நம் ஊரில் கூடைப்பந்து ஆடி நிலையாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள். அந்த ரயில்வே ஒதுக்கீட்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு மட்டத்து வேலை, பட்டத்துக்கு அதற்கு மேல்மட்டத்து வேலை. இந்தக் கணக்கைப் பார்க்காமல் முடிவெடுத்தால் அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க முடியாது.

இனி இரண்டாவது வழக்கு.

1996–97 பருவத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 20 மட்டுமே வென்றது. நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயத்தால் கிட்டத்தட்ட வருடம் முழுக்க வெளியே இருந்தார். புதியவர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்பதற்கான குலுக்கலில் முதல் தேர்வு அந்த அணிக்கு விழுந்தது, டங்கனை எடுத்தார்கள். கோச் கிரெக் பொப்போவிச் செயின்ட் குராய்க்கே போய்ப் பையனோடு கடலில் நீந்தினார், கடற்கரையில் உட்கார்ந்து பேசினார். அடுத்த பருவத்தில் அதே அணி 56 ஆட்டங்களை வென்றது. முதல் வருடத்திலேயே டங்கன் என்.பி.ஏ.வின் முதல் ஐவரில் ஒருவராகத் தேர்வானார். இரண்டாம் வருடம், 1999இல், நியூயார்க் நிக்ஸை வென்று அணிக்கு முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

அவர் ஆயுதம் என்ன தெரியுமா? நீ சலித்துக்கொள்கிற அதே போர்டு ஷாட். ரிங்குக்கு இடதுபக்கம், ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில், பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நிற்பார். பந்து கைக்கு வரும். ஒரு கால் முன்னே வைத்து எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். பிறகு போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல்மூலையைக் குறிவைத்துப் போடுவார். கண்ணாடியில் பட்ட பந்து வேகம் குறைந்து ரிங்குக்குள் இறங்கும். அந்தக் கோணத்தில் போர்டு நம் பக்கம் வேலை செய்கிறது. நேராக ரிங்கைக் குறிவைப்பதைவிடத் தவறுக்கு இடம் அதிகம் கிடைக்கிறது. அரங்கில் இருப்பவர்கள், எதிரணி கோச், காவல் காக்கிறவன், எல்லாருக்கும் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. அவருக்கு ‘பிக் ஃபண்டமென்டல்’ என்று பெயர் வைத்தவர் ஷகீல் ஓ'நீல். தன்னோடு மோதி மோதித் தெரிந்துகொண்ட எதிராளி கொடுத்த சான்றிதழ் அது.

யூடியூபில் 2003 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைத் தேடி முழுசாகப் பார். நியூஜெர்சி நெட்ஸுக்கு எதிராக டங்கன் எடுத்தது 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். இன்னும் இரண்டு பிளாக் இருந்திருந்தால் நான்கு கணக்கிலும் இரட்டை இலக்கம். இருந்தும் பார்க்கும்போது வாணவேடிக்கை எதுவும் தெரியாது. சரியான இடத்தில் நிற்கிறார், சரியான நேரத்தில் கை நீட்டுகிறார், காலியாக நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்கிறார். ராபின்சனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். பட்டத்தோடு ஓய்வு பெற்றார்.

எல்லாம் கைவந்தவர் என்றும் எண்ணாதே. ஃப்ரீ த்ரோ அவரைக் கடைசிவரை பாடாய்ப் படுத்தியது. வாழ்நாள் சராசரி நூற்றுக்கு எழுபதைத் தொடவில்லை.

கோச் திட்டுகிறார் என்கிறாயே, பொப்போவிச்சின் வாய்க்கு முன்னால் உன் கோச் சாது. அவர் டங்கனையும் எல்லார் முன்னிலையிலும் திட்டுவார். டங்கன் கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார், திரும்பிப் போய் ஆடுவார். நட்சத்திரமே வாங்கிக்கொள்ளும்போது மற்றவன் எப்படி முறைத்துக்கொள்வான்? டங்கன் அப்படி இருந்ததால்தான் அணியில் எல்லாரையும் கண்டிக்க முடிந்தது என்று பொப்போவிச்சே பலமுறை சொல்லியிருக்கிறார். பிரான்ஸிலிருந்து வந்த டோனி பார்க்கரும் அர்ஜென்டினாவிலிருந்து வந்த மனு ஜினோபிலியும் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். மூவரும் சேர்ந்து ஆடிய வழக்கமான பருவ ஆட்டங்களில் 575 வெற்றி. எந்த மூவர் கூட்டணியும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

கிளம்பிப் போகும் வாய்ப்பு அவருக்கு வராமல் இல்லை. 2000ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்தபோது ஆர்லாண்டோ அணி வருந்தி அழைத்தது. பலமாக யோசித்தார், ராபின்சனும் பொப்போவிச்சும் பேசினார்கள், தங்கிவிட்டார். 2012இல் இன்னொரு முடிவு. அதற்கு முந்தைய பருவத்தில் அவர் சம்பளம் 2 கோடி டாலருக்கு மேல். புதிய ஒப்பந்தத்தில் ஏறக்குறைய பாதிக்கு ஒத்துக்கொண்டார். என்.பி.ஏ.யில் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. ஒருவர் குறைத்துக்கொண்டால் அந்தப் பணத்தில் நல்ல சகாக்களை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் இருந்ததால் அடுத்த இரண்டு வருடமும் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது.

அதில் முதலாவது, 2013, அவர் வாழ்க்கையிலேயே கசப்பான தோல்வி. மயாமி ஹீட்டுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் பட்டம் கைக்கு வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரம். ஐந்து நொடி மிச்சமிருக்க ரே ஆலன் மூலையிலிருந்து போட்ட மூன்று புள்ளி எல்லாவற்றையும் மாற்றியது. ஏழாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், சமன் செய்யும் வாய்ப்பு டங்கன் கைக்கே வந்தது. ரிங்குக்குப் பக்கத்தில், தன்னைவிடக் குட்டையான ஷேன் பேட்டியர் தலைக்கு மேல், வாழ்நாளெல்லாம் போட்ட ஷாட். தவறியது. எகிறிய பந்தைத் தட்டிப் பார்த்தார், அதுவும் தவறியது. திரும்பி ஓடிவந்து குனிந்து தரையில் ஓங்கி அடித்தார். முகம் காட்டாத மனிதர் முகம் காட்டிய இரவு அது.

அவருக்கு அப்போது 37 வயது. வேறு எவராவது இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார். மறுவருடம் அதே மயாமியோடு மறுபடி இறுதிச் சுற்று. ஐந்து ஆட்டத்தில் 4–1 என்று முடித்தார்கள். மொத்தமாகக் கூட்டினால் 70 புள்ளி வித்தியாசம். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது கவாய் லெனர்டுக்குப் போனது. 1999, 2003, 2005, 2007, 2014: டங்கனுக்கு ஐந்தாவது பட்டம்.

நடுவே ஒரு வேடிக்கை. 2007இல் டல்லாஸில் நடந்த ஓர் ஆட்டத்தில் நடுவர் ஜோயி க்ராஃபோர்ட் டங்கனை வெளியே அனுப்பினார். அவர் செய்த குற்றம், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தது. லீக் விசாரித்து நடுவரை அந்தப் பருவத்தின் மீதி நாட்கள் முழுவதும் விலக்கிவைத்தது.

ஒரே அணியில் தங்கி இருந்ததால் எல்லாமே நன்மையாக முடிந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. தொடக்க ஆண்டுகளிலிருந்து டங்கனின் பணத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு நிதி ஆலோசகர். அணியை நம்பியதுபோலவே அவரையும் நம்பினார். கொண்டுவந்து நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். பணம் போன வழி தாமதமாகத்தான் தெரிந்தது. வழக்கு நடந்து, 2017இல் அந்த ஆலோசகருக்கு நான்கு வருடச் சிறையும், 75 லட்சம் டாலர் திருப்பித்தர வேண்டும் என்ற உத்தரவும் வந்தன. ஆடுகளத்தில் எதிராளியின் தோள் அசைவைப் படித்தவர், தன் கணக்கு வழக்கைப் படிக்காமல் விட்டார். ஆட்டத்தைக் காட்டி உன்னிடம் பணம் கேட்பவர்களும், பணத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களும் வருவார்கள். நீ படிப்பதோ பி.காம். வரவு செலவைப் படிக்கத் தெரிந்த கூடைப்பந்து ஆட்டக்காரனாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று டங்கனைக் கேட்டால் சொல்வார்.

2016இல் கோபி பிரையன்ட் விடைபெற்ற விதம் ஒன்று. முன்கூட்டியே அறிவித்து, ஊர் ஊராக வாழ்த்து வாங்கி, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி போட்டுவிட்டுப் போனார். அது அவருக்குப் பொருந்தியது. அதே வருடம் ஜூலை 11 அன்று டங்கன் ஓய்வு பெற்றார். அணி ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்திரிகையாளர் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. பத்தொன்பது பருவம், 1,392 ஆட்டம், 26,496 புள்ளி, 15,091 ரீபவுண்ட், எல்லாம் ஒரே அணிக்கு. அந்தப் பத்தொன்பதில் ஒரு பருவத்தில்கூட ஸ்பர்ஸ் பிளேஆஃப் சுற்றைத் தவறவிட்டதில்லை.

அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. கார்களை மாற்றியமைக்கும் பட்டறை ஒன்றை சான் அன்டோனியோவில் 2013லேயே தொடங்கியிருந்தார், அதைக் கவனித்தார். 2017இல் இர்மா, மரியா என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் வர்ஜின் தீவுகளைப் புரட்டிப் போட்டன. ஹியூகோவை அனுபவித்தவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டரை லட்சம் டாலர் உடனே கொடுத்தார். மற்றவர்கள் தரும் முதல் 10 லட்சம் டாலருக்கு ஈடாகத் தானும் தருவதாக அறிவித்து நிதி திரட்டினார். 2019இல் பொப்போவிச்சுக்கு உதவிப் பயிற்சியாளராக ஒரு பருவம் வந்தார். பொப்போவிச் வராத ஓர் இரவில் தலைமைப் பொறுப்பேற்று ஒரே புள்ளியில் ஜெயித்தும் காட்டினார். அந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று பட்டதும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டார். விலகவே கூடாது என்பவர் அல்லர் அவர். எடுத்ததை முடித்துவிட்டு விலகுகிறவர்.

மாப்பிள்ளை, உன்னிடம் கேட்பது கொஞ்சம்தான். இந்த செமஸ்டர் பரீட்சையை ஒழுங்காக எழுது. கோச் சொல்கிற போர்டு ஷாட்டை இந்தப் பருவம் முடியும்வரை முணுமுணுக்காமல் பழகு. இடதுபக்கம் அந்த 45 டிகிரி கோணத்தில் நின்று, கையில் பந்து வரும்போது காவல்காரனின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று கவனி. பரீட்சை முடிந்ததும் இங்கே கிளம்பி வா, டிக்கெட் மாமா பொறுப்பு. எங்கே சேரப்போகிறாய், யார் சம்பளம் தருவார்கள், காயம்பட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் படிப்பை விடுவதுதான் சரி என்று நமக்குப் பட்டால், உன் அம்மாவிடம் மாமாவே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா